கம்பவுண்டர் அண்ணனின் தகர ரோஜா

ஏகாம்பரம் அண்ணன் போயிட்டார். காலையில் ஒடுகத்தூரிலிருந்து போன்... கையில் இருந்த காபி ஆறியே போச்சு.

உங்களில் யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஜவ்வாது மலையில் எனக்கு நர்ஸாக முதல் போஸ்டிங். அந்த ஆஸ்பத்திரிக்கு அவர்தான் கம்பவுண்டர்.

அவருக்குக் கல்யாணமாகி ஆறு மாசம். ஆனால் சரோஜா அண்ணி மலைக்கு வரவே மாட்டேன் என்று ஒடுகத்தூரில் அம்மா வீட்டிலேயே இருந்தார். "தலைக்கு வெக்க ஒரு முழம் பூ கெடைக்காத ஊர்ல எனக்கு இன்னா வேலை?" என்பது அவர் கட்சி.

அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சனி, ஞாயிறு கைவேலை கிளாஸ் ஆரம்பித்தார்கள். பழைய டின்னை வெட்டித் தகரப் பூ செய்வது. என்னையும் சேர்த்துப் பத்துப் பொம்பளைங்க, நடுவில் அண்ணன் ஒருத்தர்.

"வாடாத பூ சிஸ்டர்! இத்தக் காட்டியே அவளக் கூட்டியாந்துடறேன், பாருங்க."

முதல் வாரம் ஆஸ்பத்திரி கத்திரிக்கோலால் தகரம் வெட்டினார். கத்திரி போச்சு. டாக்டர் கத்தின கத்து இருக்கே... அடுத்த வாரம் விரல் போச்சு. பூவில் இருந்த இதழைவிட அவர் விரலில் நான் போட்ட கட்டுதான் அதிகம்.

கைவேலை டீச்சர் அவர் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது இன்னா பூங்க, பூசணியா?" என்று கேட்டார். மனுஷன் அசரவில்லை.

கடைசியில் ஒரு ரோஜா. நிஜமாகவே ரோஜா! நாங்கள் எல்லாரும் பால்பவுடர் டின்னில் செய்தோம். அவர் மட்டும் மலைத்தேன் வந்த டின்னில்.

"நல்லா கழுவினீங்களா அண்ணே?"

"நான் கம்பவுண்டர் சிஸ்டர். பாட்டில் கழுவறதுதான் என் வேலையே."

ஈயம் பற்றவைக்கும்போது பாகு காய்ச்சுகிற வாசனை வந்தது. "பாத்தீங்களா, என் பூவுக்கு வாசனை கூட கீது!" என்று குதித்தார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். என் தப்புதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி வந்தார். பூவைப் பார்த்துவிட்டு நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவதாகப் பேச்சு.

பள்ளிக்கூட வாசலில், எல்லார் முன்னாலும், அண்ணன் அந்த ரோஜாவை அண்ணி கொண்டையில் செருகினார். அண்ணி முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு...

முதல் தேனீ வந்தது. பிறகு பத்து. அதற்கப்புறம் நான் எண்ணவில்லை, பெஞ்சுக்கு அடியில் இருந்தேன்.

அண்ணன் பூவைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார் பாருங்கள், சாமைக் கொல்லையில் அப்படி ஒரு ஓட்டம்! தேனீ மொத்தமும் அவர் பின்னால். அண்ணிக்கு ஒரு கொட்டுகூட இல்லை.

திரும்பி வந்தவருக்குக் கண் எங்கே, மூக்கு எங்கே என்றே தெரியவில்லை. பூவை மட்டும் கையிலிருந்து விடவில்லை. ஊருக்கே மருந்து கொடுக்கிறவருக்கு நான் ஊசி போட்டேன்.

வெளியே பஸ் ஹாரன். அண்ணி பையை எடுத்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

"இந்த மூஞ்சிய வெச்சிக்கினு இந்தாளு தனியா எப்டி சோறு துன்னும்? வீக்கம் வத்தட்டும், போறேன்."

வீக்கம் மூணே நாளில் வற்றிவிட்டது. அண்ணி மலையை விட்டு இறங்கியது அண்ணன் ரிட்டயர் ஆனபிறகுதான்.

காலையில் போன் செய்ததும் அண்ணிதான். அழுதுகொண்டே பேசினார்.

"மாலை நெறைய வந்துச்சி நர்சம்மா. நான் அந்த ரோஜாவத்தான் அவர் நெஞ்சு மேல வெச்சிருக்கேன்..." மூக்கை உறிஞ்சினார். "சோப்பு போட்டு ரெண்டு வாட்டி கழுவிட்டுத்தான் வெச்சேன்."

போயிட்டு வாங்க அண்ணே. மெதுவாவே போங்க... இந்தத் தடவை எதுவும் துரத்தாது.