கடை மூடியதற்கு ஒரு மொட்டை

நான் இருக்கும் ஹாலந்து ஊரில் சைக்கிளில் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரர் நிறுத்திவிடுவார். போன வாரம் சாயங்காலம் என்னையும் நிறுத்தினார். நின்ற இடம் ஓர் இளைஞர் மன்றத்தின் வாசல். உள்ளே ஒரு தாடிக்காரன் மேசைமேல் சின்னத் தராசு வைத்து, நம் சந்தையில் புளி நிறுப்பதுபோல் ஹஷீஷ் நிறுத்து விற்றுக்கொண்டிருந்தான். கஞ்சாவின் பிசின்தான் அது. புகை என் மூக்குவரை வந்தது. விளக்குக்கு என்னைப் பிடிக்கிறீரே, அதைப் பாரும் என்ற அர்த்தத்தில் நான் கதவைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "திறந்துதான் இருக்கிறது அம்மணி, குளிரில் நிற்காமல் உள்ளே போங்கள்" என்றார். விளக்குக்கான அபராதத்தை மட்டும் மறக்காமல் எழுதினார்.

என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நர்ஸ் கோரியிடம் இதைச் சொல்லிப் பொருமினேன். கோரி நல்லவள், ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவள். தடை போட்டால் சரக்கு இருட்டுக்குப் போய்விடும், இருட்டில் எதைக் கலக்கிறான் என்று யாருக்குத் தெரியும், வெளிச்சத்தில் விற்கட்டும் என்றாள். உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டாள். சாராயத்துக்குத் தடை இருந்தது, பிறகு கடை திறந்தார்கள், பிறகு மூடிவிட்டார்கள் என்றேன். அவள் கண் விரிந்தது. "இரண்டையும் செய்து பார்த்துவிட்டீர்களா! எது நல்லதென்று தெரிந்ததா?" ஏதோ மருந்தைச் சோதித்துப் பார்த்ததைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சோதனை நடந்தது என் அக்கா செசிலியின் வீட்டில். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். அவள் புருஷன் சின்னப்பன் மாமா கிணறு வெட்டப் போகிறவர். அறுபதுகளில் தடை இருந்தபோதும் குடித்தார்தான். யாரோ ஓடைக்குள் ஊறல் போட்டுக் காய்ச்சுவார்கள். கோயில் திருவிழா, கூலி கை நிறைய வந்த நாள் என்று எப்போதாவது போய்விட்டு, கொய்யா இலையை மென்றபடி கொல்லைப்புறமாக வருவார். அக்கா குரலை உயர்த்துவாள். "போலீசுல சொல்லிப் போடுவேன், பாருங்க!" மாமா கையெடுத்துக் கும்பிடாத குறை. "மெதுவாப் பேசு, ஆரு காதுலயாச்சும் வுழுந்துரப் போவுது." சட்டம் குடியை நிறுத்தவில்லை. ஆனால் அடி வாங்கக்கூடிய ஒரு பெண்ணின் வாயில் ஒரு சொல்லைக் கொடுத்திருந்தது. அதை வைத்து அவள் குடும்பம் நடத்தினாள்.

எழுபத்தொன்றில் கடை திறந்தது. நான் அப்போது தருமபுரியில் நர்ஸ் வேலையில் இருந்தேன். ஒரு நாள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது மாமா பட்டப்பகலில் முன்வாசல் வழியாகவே ஆடிக்கொண்டு வந்தார். அக்கா பழக்கதோஷத்தில் போலீசில் சொல்வதாகச் சொன்னாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "சர்க்காரே கட தெறந்து ஊத்திக் குடுக்குது. ஆருகிட்டப் போயி சொல்லுவ? போ, சொல்லு!" அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாக அவளை என் முன்னால் அடித்தார். திருவிழாக் குடி தினக் குடியானது. கடை மூட வேண்டும், மூடினால் மொட்டை போடுகிறேன் என்று அக்கா அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டாள்.

நான் ஹாலந்து வந்த பிறகு கடையை மூடினார்கள். அக்கா பொங்கல் வைத்து, நேர்ந்தபடி மொட்டை போட்டுக்கொண்டாள். கடிதம் வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. கேசரி கிண்டி வார்டுக்கு எடுத்துப் போனேன். இந்த ஊரில் பிறந்தநாள்காரர்தான் இனிப்புக் கொடுப்பார். எல்லாரும் என்னைச் சுற்றி நின்று கைதட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாடினார்கள். நானும் சந்தோஷமாக நின்றேன். சாராயக்கடை மூடியதற்கு என்று எப்படி விளக்குவது?

சில மாதத்தில் தந்தி வந்தது. மாமா போய்விட்டார். லீவு கிடைத்து நான் ஊர் போனபோது அக்காவின் முடி காதுவரைகூட வளர்ந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்த ஒருத்தி, "புருசனுக்காகவா மொட்ட போட்ட?" என்று கேட்டுவிட்டுப் போனாளாம்.

"கட அடச்சதும் வூட்டுலயேதான் கெடந்தாரு கண்ணு" என்றாள் அக்கா. "கை நடுங்குது, சோத்த அள்ளி வாயில வெக்க முடியல. கண்டதயும் பாத்தன்னு ஒளர்றாரு. காசுள்ளவனெல்லாம் பஸ் ஏறி ஓசூரத் தாண்டிக் கர்நாடகத்துக்குப் போயிக் குடிச்சான். இவரு பொம்மிடிப் பக்கம் போயி வார்னிசக் குடிச்சுட்டு வந்தாரு. விடியக்கால எழுந்து, ஏன் வெளக்கு வெக்கலன்னு என்னயக் கேட்டாரு. வெயிலு சுள்ளுன்னு அடிக்குது."

நான் நர்ஸ். அந்த நடுக்கத்துக்கு வைத்தியம் உண்டென்று எனக்குத் தெரியும். எங்கள் வார்டில் அதற்கென்றே கட்டில் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் கடைக்குப் பூட்டுக் கிடைத்தது, அவருக்கு ஒரு கட்டில் கிடைக்கவில்லை. திறந்தவர்களும் எங்களைக் கேட்கவில்லை, மூடியவர்களும் கேட்கவில்லை.

"நீ இருக்கற ஊருல கட தெறந்திருக்குதா?" என்றாள் அக்கா.

"தெறந்துதான் இருக்குதுக்கா."

"குடிச்சுச் சாவறதில்லயா?"

"சாவறாங்க. ஆனா கண்ணு போயிச் சாவறத நான் பாக்கலக்கா."

அவள் தலையைத் தடவிக்கொண்டாள். "அப்ப நான் தெறக்கச் சொல்லி வேண்டியிருக்கணுமா?"

லீவு முடிந்து ஹாலந்துக்குத் திரும்பி வந்தேன். கோரியிடம் இன்றைக்கும் மூடச் சொல்லிச் சண்டை போடுகிறேன். மாமா சிரித்த சிரிப்பு அப்போது காதில் கேட்கும். அக்காவுக்கு எழுத உட்கார்ந்தால் திறந்தே இருந்திருக்கலாம் என்று வருகிறது, எழுதாமல் எழுந்துவிடுகிறேன். இங்கே உள்ள கோயிலிலும் அந்தோணியார் இருக்கிறார். கையில் குழந்தையும் லீலி மலரும் எல்லாம் நம் ஊரில் இருப்பதுபோலவேதான். ஞாயிற்றுக்கிழமை அவர் முன்னால் முழங்கால் போடுகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் வேண்டி முடித்து எழுந்து போய்விடுகிறார்கள். எந்த ஊருக்குத் திறக்கச் சொல்வது, எந்த ஊருக்கு மூடச் சொல்வது என்று தெரியாமல் நான் மட்டும் இன்னும் முழங்காலில் இருக்கிறேன்.