பூசச் சொன்ன சீலிங்

சீலிங் பூசுவது மனிதன் செய்கிற வேலையே இல்லை. அதிலும் பெயின்ற் பூசிய பழைய சீலிங் என்றால் சொல்லவே வேண்டாம். சாந்து பூசுவது பெரிய காரியமில்லை, அதற்கு முன்னால் சுரண்டியே சாக வேண்டும். எண்ணெய்ப் பெயின்ற்றில் சாந்து பிடிக்காது. தகட்டால் சுரண்டி, கழுவி, பிறகு உளியால் கொத்திவிட வேண்டும். எல்லாம் அண்ணாந்துகொண்டே. உதிர்வது முழுக்கக் கண்ணுக்குள்ளேயும் வாய்க்குள்ளேயும்தான்.

என் மச்சான் முனாப் கல்முனையில் இந்த வேலைதான் செய்தார். சாந்தும் பூசுவார், பெயின்றும் பூசுவார். எழுபத்தெட்டுச் சூறாவளி ஓடுகளைக் கொண்டுபோன பிறகு, வசதியுள்ளவர்கள் கூரைக்குக் கொங்கிறீற் பிளேட் போடத் தொடங்கினார்கள். மச்சானுக்கு வேலை ஓயவில்லை. கழுத்துத்தான் போய்விட்டது. சோற்றுக்குக் குனிந்தாலும் "யா அல்லாஹ்" என்பார்.

"விட்டுட்டு வயல் வேலைக்குப் போவம் மச்சான்" என்பேன்.

"குனிஞ்சி நாத்து நட இந்தக் கழுத்துக்கு ஏலுமா?" என்பார்.

அவருக்குக் கையாளாகக் கீழே நின்று சாந்து குழைக்கிற எனக்கே அலுத்துப்போயிருந்தது.

எண்பத்திரண்டில் சரீபா ராத்தா வீட்டு வேலை வந்தது. அவருடைய புருஷன் அபூசாலி காக்கா கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். அவர் மௌத்தாகிவிட, புருஷனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் ராத்தா இருந்தார். அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. இத்தா முடிந்ததும் மகள் றம்லாவுக்கு நிக்காஹ், கல்யாணச் சீதனமாக வீடும் மகளுக்கு. ஆகவே அறை வாசலில் தொங்கிய சீலைக்குப் பின்னால் நின்றுதான் ராத்தா கதைத்தார்.

"ஹோல் சீலிங்க வடிவாப் பூசித் தாங்க தம்பி. மாப்பிள வீட்டாக்கள் வந்தா அண்ணாந்து பாக்கணும்."

"ஓம் ராத்தா, பூசிடுவம்."

அந்த முன்கூடத்துச் சீலிங் முழுக்க அபூசாலி காக்கா தன் கையால் வரைந்த பச்சைக் கொடி, சிவப்புப் பூக்கள். மழைத் தண்ணீர் ஊறிப் பல இடங்களில் பெயின்ற் பொருக்குத் தட்டி உரிந்திருந்தது.

"பாவம், பாக்கப் பாக்க அழுகை வரும்தானே. அதான் மறைக்கச் சொல்றா" என்றார் மச்சான். றம்லாவும் அப்படித்தான் விளங்கியிருந்தாள்.

சுரண்டினோம், சுரண்டினோம், கை மரத்துப்போகும்வரை சுரண்டினோம். "பொருக்கு ஒண்டும் மிச்சம் வைக்காதீங்க தம்பி" என்று சீலைக்குப் பின்னாலிருந்து ராத்தாவும் சொன்னார். கதவு மூலை மட்டும் மிஞ்சியிருந்தபோது, சுரண்டிய இடத்தில் மச்சான் உளியை வைத்துக் கொத்தத் தொடங்கினார்.

"என்ன தம்பி சத்தம்? பூசுறத்துக்கு என்னத்துக்குக் கொத்துற?"

"கொத்தாட்டி சாந்து புடிக்காது ராத்தா."

"சாந்தா? பெயின்ற் பூசத்தானே சொன்ன நான். அவர்ர பூவுக்கு மேல அதே மாதிரிப் பூசத்தானே சொன்ன நான்!"

பாழாய்ப்போன சொல்! சாந்துக்கும் பூசு, பெயின்ற்றுக்கும் பூசு. இரண்டுக்கும் இரண்டு சொல் இருந்திருந்தால் யாருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? எனக்கு வந்த ஆத்திரத்தில் சாந்துச் சட்டியை எட்டி உதைத்தேன்.

மச்சான் பலகைச் சாரத்திலிருந்து இறங்கி, தூசிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். அவருடைய முகம் செத்துப்போயிருந்தது. பிறகு எழுந்து சீலைக்குப் பக்கத்தில் போனார்.

"ராத்தா, என்ன மன்னிச்சிக்கங்க. கதவு மூலையில கொஞ்சம் கொடியும் பூவும் இரிக்கி. அத அப்பிடியே விட்டுட்டு மத்த இடத்துக்கு மட்டும் சாந்து பூசிவிடுறன்."

உள்ளே றம்லா விம்முவது கேட்டது. ராத்தா அழவில்லை.

"வேணாம் தம்பி. அதையும் சுரண்டிடுங்க. அரைவாசி மனிசன வச்சிக்கிட்டு நான் என்ன செய்யிற?"

நடுப்பகலில் மச்சான் மறுபடியும் சாரத்தில் ஏறினார். அந்தச் சின்ன மூலையைச் சுரண்டி முடிப்பதற்குள் பள்ளியில் பின்னேர அஸர் பாங்கு சொல்லிவிட்டார்கள்.