பால் வழிய ஒரு வாய்க்கால்

இன்னைக்குக் காரைக்குடியில பழைய சாமான் கடை ஒண்ணுல ஒரு இரும்பு அடுப்பைப் பார்த்தேன். பர்னரைச் சுத்தி விரலகலத்துக்கு ஒரு வாய்க்கால்.

"இது எதுக்குன்னு எனக்கே தெரியலம்மா. வெளிநாட்டு டிசைன்" என்றார் கடைக்காரர்.

எனக்குத் தெரியும்.

எழுபதுகள்ல மானகிரியில எங்க தொழுவத்துக்குப் பின்னால சாணிக் கேஸ் தொட்டி கட்டினாங்க. டென்மார்க்ல இருந்து வந்த எஞ்சினியரும் எங்க ஊர் கொல்லரும் சேர்ந்துதான் அடுப்பு செஞ்சாங்க. ஒருத்தர் பாஷை மத்தவருக்குத் தெரியாது. தரையில கரியால படம் போட்டே பேசிக்கிட்டாங்க.

பத்த வச்சதும் நீலமா எரிஞ்சுது. புகையே இல்லை. மயில் கழுத்தை அடுப்புல வச்ச மாதிரி இருந்துச்சு.

அம்மா பால் வச்சாங்க. அது பொங்கி வரவும் எஞ்சினியர் பதறிப்போய்க் குழாயைத் திருகப் போனார்.

"தொடாதீக! புது அடுப்புல பொங்கி வழியணும்!"னு அம்மா தடுத்தாங்க.

வழிஞ்சுது. தீயும் அணைஞ்சுது.

பால் பொங்கினது நல்ல சகுனம், அடுப்பு அணைஞ்சது கெட்ட சகுனம். எதை எடுத்துக்கிறதுன்னு தெரியாம அம்மா முழிச்சாங்க.

கொல்லர் கரியை எடுத்து, தரையில இருந்த பர்னர் படத்தைச் சுத்தி ஒரு வட்டம் போட்டார். எஞ்சினியர் ரொம்ப நேரம் பார்த்தார். சிரிச்சார். நோட்டுல வரைஞ்சுக்கிட்டார். அதுக்கப்புறம் வந்த அடுப்புல எல்லாம் அந்த வட்டம், தீயை அணைக்காமப் பால் வழிஞ்சு போற வாய்க்காலா இருந்துச்சு.

கடைக்காரர்கிட்ட இதைச் சொன்னேன்.

"அப்ப இது வெளிநாட்டு டிசைன் இல்லையா?" என்றார், முகம் வாடி.

"எரியிற பாதி டென்மார்க். வழியிற பாதி மானகிரி."