நாற்பத்தொரு சுற்று

போன மாதம் தம்பி பேத்தியை ஒரு மாலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாலாவது மாடியில் குழந்தைகளுக்கென்று ஒரு விளையாட்டுக் கூடம். வாசலில் நின்ற பையன் ஒரு டேப்லெட்டை நீட்டி, விரலால் கையெழுத்துப் போடச் சொன்னான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். எது நேர்ந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல என்று நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள். "நீ இதுல ஏறியிருக்கியா தம்பி?" என்று கேட்டேன். "ஸ்டாஃப் ஏறக் கூடாது மேம்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அவனுக்கு என்ன தெரியும், நான் வேலை பார்த்த கம்பெனியில் ஸ்டாஃப் ஏறாவிட்டால்தான் வேலை போகும்.

தி.நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, மாடிப்படி இருட்டில் முட்டிக்கொள்ளாமல் ஏறத் தெரிந்தவர்களுக்கு மட்டும் எங்கள் ஆபீஸ். கீழே இருந்த அந்தக் கடை எங்கள் முதலாளியின் அண்ணன்மார்களுடையது. எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். தெற்கத்திக் குடும்பம். நாலு சகோதரர்களில் மூன்று பேர் எவர்சில்வரைப் பிடித்துக்கொள்ள, இவர் மட்டும் பொருட்காட்சியில் கையால் சுற்றும் குடைராட்டினத்தில் ஆரம்பித்தார். "குடம் வாங்குனவன் திரும்ப வருவான். ராட்டினம் சுத்துனவன் வாந்தி எடுத்துட்டுல்லா போவான்" என்று பெரிய அண்ணன் சொன்னாராம். அண்ணாச்சி கேட்கவில்லை. அடையாறு தாண்டிக் கடற்கரையோரம் ஒரு சவுக்குத் தோப்பை வாங்கி, வேலி போட்டு, குடும்பத்தோடு வந்து நாளெல்லாம் இருக்கிற மாதிரி ஒரு பூங்காவே போட்டுவிட்டார்.

அந்த இடத்தின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. கிரீஸ், பஞ்சு மிட்டாய், கடல் உப்பு மூன்றும் கலந்த வாசனை. அங்கே நின்ற பொம்மை யானைகளையும் ஒட்டகச்சிவிங்கியையும் கோடம்பாக்கத்தில் சினிமா செட் போடுகிறவர்கள் செய்துகொடுத்தார்கள். அதனால் எங்கள் யானைகளுக்கெல்லாம் புருவம் இருந்தது. அதில் ஒன்று பார்க்கிற பார்வையில் எனக்கே வெட்கம் வரும். ஆளை உச்சிக்குத் தூக்கிப்போகும் பெரிய ராட்டினத்தின் அச்சு மட்டும் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் கடைந்தது. அது லாரியில் வந்து இறங்கிய அன்று அண்ணாச்சி அதற்கு மாலை போட்டு, திருநீறு பூசி, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதாகச் சொல்வார்கள்.

அண்ணாச்சிக்கு ஒரு சட்டம் உண்டு. காலையில் கதவு திறக்குமுன் ராட்டினத்தின் ஒவ்வொரு பெட்டியிலும் மணல் மூட்டை ஏற்றிச் சுற்றுவார்கள். பிறகு மூட்டையை இறக்கிவிட்டு நாங்கள் ஏற வேண்டும். முதல் பெட்டியில் அண்ணாச்சி. அடுத்தடுத்த பெட்டிகளில் அன்றைக்கு முறை வந்த ஸ்டாஃப். இறங்கியதும் ஒரு நீல அட்டை நோட்டில் கையெழுத்து. அதற்கப்புறம்தான் ஜனம். "ஏறாதவன் விக்கக் கூடாது" என்பார். தி.நகர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை முறை.

என் வேலை பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிவரச் சொல்லிப் பேசுவது. வாய் எனக்குக் காது வரைக்கும் நீளும். ஆனால் உயரம் என்றால் உயிர் போய்விடும். மாடிப்படிக் கட்டைச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாலே உள்ளங்கால் கூசும். முதல் திங்கட்கிழமை பெட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற நிலையைப் பார்த்து, லீவர் பிடிக்கும் ஏழுமலை அண்ணன் கிட்டே வந்தார். அடையாறு ஆற்றங்கரைக் குடிசைக்காரர், ராட்டினம் வந்த நாளிலிருந்து அதுகூடவே இருக்கிறவர்.

"இன்னாம்மா, பயமா கீதா? உடு. அந்த ரூம்ல போய் குந்து. நோட்டுல நான் எழுதிக்கிறேன்."

அன்று ஆரம்பித்தது. வாராவாரம் என் கையெழுத்தை என்னைவிட அழகாகப் போட்டார். முதல் பெட்டியில் இருக்கும் அண்ணாச்சி திரும்பியே பார்த்ததில்லை. நானும் கூசாமல் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், "தொட்டில்ல படுத்த மாதிரி இருக்கும் மேடம்" என்று அளந்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷம் வடக்கே எங்கோ ஒரு பொருட்காட்சியில் ராட்டினம் அறுந்து விழுந்ததாகப் பேப்பரில் வந்தது. எங்களுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனாலும் ஒரே வாரத்தில் எல்லாப் பள்ளிக்கூடமும் கைவிரித்துவிட்டது. அண்ணாச்சி நீல நோட்டை என் கையில் கொடுத்து, "இதக் காட்டும்மா. நாம ஏறிப் பாத்துட்டுத்தான் புள்ளைகள ஏத்துதோம்னு சொல்லு" என்றார்.

கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம். ஹெட்மிஸ்ட்ரஸ் மயிலாப்பூர்க்காரர். பக்கம் பக்கமாக நிதானமாகப் புரட்டினார்.

"திங்கக்கிழமையெல்லாம் உன் பேர் இருக்கே. உச்சிக்குப் போனப்புறம் எப்படி இருக்கும்? நேக்குச் சொல்லேன்."

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். வழக்கமான தொட்டில் வசனம் நாக்கு நுனியில் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஒன்றாம் கிளாஸ் பிள்ளைகள் ஒருத்தி பாவாடையை ஒருத்தி பிடித்துக்கொண்டு தண்ணீர் குடிக்க வரிசையாகப் போனார்கள். தொட்டில் வசனத்தை விழுங்கிவிட்டேன்.

"நான் ஏறினதே இல்லை மேடம். அது என் கையெழுத்து இல்லை."

அவர் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "அப்போ மத்த கையெழுத்து மட்டும் நிஜம்னு நான் எப்படி நம்பறது?"

நோட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். பஸ்ஸில் அழுதுகொண்டே திரும்பி வந்து அண்ணாச்சியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் கத்தியிருந்தால் தேவலை. சிவப்பு மையில் என் பெயரை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். நாற்பத்தொன்று.

"ஏழுமலையக் கணக்கு முடிச்சு அனுப்பிரலாம்" என்றார்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல். "தப்பு என்னோடது அண்ணாச்சி. அவரை அனுப்பாதீங்க. நாற்பத்தொரு சுற்றும் நான் ஏறுறேன்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏறு. முடிக்கிற வரைக்கும் அவன் லீவரத் தொடப்படாது. ஒண்ணு கொறஞ்சாலும் அவன் வீட்டுக்குப் போயிருவான்."

முதல் நாள் இரண்டு சுற்று. மூன்றாவதில் காலையில் தின்ற இட்லி வெளியே வந்துவிட்டது, புடவை மேலேயே. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நாளைக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். விடிந்ததும் போனேன். ஏழுமலை அண்ணனைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற விட்டிருந்தார்கள். நான் இறங்கும்போதெல்லாம் ரப்பர் டியூபைப் போட்டுவிட்டு ஓடி வருவார். "இன்னும் எத்தினிமா? முடியலன்னா உடு. நான் வேற வேல பாத்துக்கிறேன்." மனுஷனுக்கு மூன்று பெண்கள். எப்படி விடுவது?

பதினேழாவது சுற்றோ என்னவோ, அண்ணாச்சியின் பெட்டியிலேயே ஏறினேன். உச்சியில் மெல்ல ஒரு கண்ணைத் திறந்தால், அவர் இரண்டு கண்ணையும் இறுக மூடி, கம்பியைப் பிடித்தபடி முருகா முருகா என்று முனகிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் பயமா அண்ணாச்சி?"

"பயந்தாம்மா" என்றார், கண்ணைத் திறக்காமல். "பயப்படாதேன்னு நான் எப்பச் சொன்னேன்? ஏறணும்னுதானே சொன்னேன்."

ஒன்பதாம் நாள் நாற்பதை முடித்து இறங்கினால், வாசலில் ஆட்டோவிலிருந்து கோபாலபுரம் ஹெட்மிஸ்ட்ரஸ் இறங்குகிறார், அண்ணாச்சி போன் செய்து வரச் சொன்னாராம். நீல நோட்டை வாங்கிச் சிவப்புக் கோடுகளைப் பார்த்தார், கீழே புதிதாக நான் போட்டிருந்த நடுங்கின கையெழுத்துகளையும் பார்த்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு கடைசிச் சுற்றுக்கு என் பக்கத்தில் உட்கார்ந்தார். உச்சியில் என் கையைப் பிடித்தார். ஆறுதலுக்கு என்று நினைத்தேன், நகம் பதிந்ததும்தான் விஷயம் புரிந்தது.

அரையாண்டு லீவுக்கு முன்னால் அவர் பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். ஏழுமலை அண்ணன் லீவர் முன்னால் நின்றார். அதற்கப்புறம் நான் எத்தனை நூறு சுற்று ஏறினேனோ, பயம் மட்டும் ஒரு நாளும் போகவில்லை.

அண்ணாச்சி காலமானதும் அவர் பிள்ளைகள் சில வருஷம் தம் கட்டிப் பார்த்தார்கள். மால்கள் வந்தன. தோப்பு அடுக்குமாடிக் குடியிருப்பானது, ராட்டினம் பிரித்து லாரியில் வெளி மாநிலம் போனது. நீல நோட்டுகளைக் கேட்டேன், பழைய பேப்பரோடு போட்டுவிட்டோம் என்றார்கள். புருவம் வைத்த யானை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

மாலுக்குப் போய் வந்த மறுநாள் ஏழுமலை அண்ணனைத் தேடிப் போனேன். ஆற்றங்கரைக் குடிசைகளை அரசாங்கம் காலி செய்து, அவர்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் குடிவைத்திருக்கிறது. எட்டாவது மாடி. லிஃப்ட் ஓடி நாலு மாசமாகிறதாம். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மாடிக்கு மாடி உட்கார்ந்து ஏறினேன். முட்டி தேய்ந்துபோய், நாலு மாசமாக அவர் தரையை மிதிக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அங்கேயே ஒரு பேப்பர் வாங்கி, லிஃப்டைச் சரிசெய்யச் சொல்லி மனு எழுதினேன். நாளைக்கே வாரிய ஆபீசில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், பதில் வரும்வரை தினம் போய் உட்காருகிறேன் என்றேன்.

"ஏத்தினா எறக்கணும்மா, அதான் என் தொயிலு" என்றார். "ஒர்த்தரக்கூட மேல உட்டுட்டு நான் வூட்டுக்குப் போனதில்ல. என்னிய மேல ஏத்தி உட்டுட்டு எல்லாரும் போய்ட்டாங்க."

மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எட்டு மாடியும் இறங்கினேன்.