கட்டிக்கொடுத்த வளையம்

பூச்சிக் காட்சியகத்தின் மேல்மாடியில் குளவிகளுக்கென்று ஓர் அறை இருந்தது. அந்த அறைக்கென்று ஒருத்தி இருந்தாள். அவளையும் எல்லோரும் குளவி என்றே அழைத்தார்கள். அவள் தும்மினால்கூடத் தும்மல் ஆறு காலோடுதான் வெளியே வரும் என்று வாயிற்காவலர் சத்தியம் செய்வார். அவளுடைய கல்யாணப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மாப்பிள்ளை அவளைப் பார்க்கிறார், அவள் பூச்செண்டில் உட்கார்ந்திருக்கும் எதையோ பார்க்கிறாள்.

எதிர் அறை ஈக்களுடையது. அதை ஆண்டவள் அவளுடைய சொந்த நாத்தனார். வீட்டில் குழம்பைக் குறை சொல்கிறவள் அலுவலகத்திலும் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால், ஒரு மனுஷி எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வாள்?

இருவருக்கும் சண்டை வயிற்றில் தொடங்கியது. குளவிப் பூச்சிக்கு நெஞ்சும் வயிறும் சந்திக்கும் இடத்தில் நூல் போல ஓர் இடுப்பு உண்டு. இடுப்புக்குப் பின்னால் தெரிவதுதான் வயிறு என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்தே வளையங்களை ஒன்று, இரண்டு என எண்ணுவாள் நம்மவள். நாத்தனாரோ இடுப்புக்கு முன்னால், நெஞ்சோடு ஒட்டிக்கிடக்கும் வளையத்தையும் சேர்த்து எண்ணுவாள். புழுவாக இருந்தபோது அது வயிற்றின் முதல் வளையம்தானாம். கூட்டுக்குள் உருமாறும்போதுதான் நெஞ்சோடு போய்ச் சேர்ந்துகொண்டதாம். ஆகவே, இவளுக்கு இரண்டாவதாக இருப்பது அவளுக்கு மூன்றாவது.

“கட்டிக்கொடுத்துட்டா பொண்ணு நம்ம வீட்டுப் பொண்ணு இல்லேன்னு ஆயிடுமா அண்ணி?” என்பாள் நாத்தனார்.

“ஆகாதும்மா. ஆனா போன பொண்ணு தினமும் பிறந்த வீட்லயே வந்து உக்காந்து அதிகாரம் பண்ணினா, எந்த வீட்டுக் கணக்குல சேக்கறதுன்னு குழப்பமா இருக்கு!”

இப்படியே சிரித்துக் குத்திக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் பழ ஈக்களை அழிக்கும் ஒரு சின்னக் குளவியைப் பழப்பண்ணைக்காரர் கூண்டு கூண்டாக வளர்த்துவந்தார். இரண்டாவது வளையத்தில் வெள்ளைப் பட்டை இருந்தால் அதுதான் நல்ல குளவி என்று நம்மவள் அவருக்குச் சொல்லியிருந்தாள். ஒருமுறை அவள் விடுப்பில் இருந்தபோது அவர் சில குளவிகளைச் சோதிக்க அனுப்பினார். நாத்தனார் பார்த்துவிட்டு, பட்டை மூன்றாவது வளையத்தில் என்று பதில் எழுதினாள். ஐயோ, வேறு இனம் புகுந்துவிட்டது என்று பதறிய மனிதர் அத்தனை கூண்டையும் கொளுத்திவிட்டார். அந்தப் பருவம் தோட்டமெல்லாம் புழுத்த பழம்.

அன்றிலிருந்து நம்மவளுக்குச் சோறு இறங்கவில்லை. எல்லா அறைகளும் ஒரே மாதிரி எண்ண வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. அதற்கு ஒரு குழு போட்டார்கள். குழு கூடியது, டீ குடித்தது, கலைந்தது, மறுபடி கூடியது. வண்டுக்காரர் கொட்டாவி விட்டார். வண்ணத்துப்பூச்சிக்காரர் கூட்டம் நடந்த பாதி நாள் வரவேயில்லை. கடைசியில் இயக்குநர் முகமெல்லாம் பல்லாகத் தீர்ப்பை வாசித்தார்: “இரண்டு முறைகளும் செல்லும்.”

பழப்பண்ணைக்காரரும் அன்று வந்திருந்தார். புதுக் கூண்டுகள் தயாராக இருந்தன. “சார், வெள்ளைப் பட்டை ரெண்டாவதா, மூணாவதா?”

“ரெண்டுமே சரிதான்” என்றார் இயக்குநர்.

“சரிதான் சார். கூண்டைக் கொளுத்தணுமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்க.”

இயக்குநர் தீர்ப்புக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குளவி நாத்தனாரைப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்குத் தெரியும். உலகமே தலைகீழானாலும் இறங்கிவராத முகம். இடுப்பில்லாத ஈக்கும் வண்டுக்கும் தன் கணக்கு பொருந்தாது, நாத்தனார் கணக்கு எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதும் அவளுக்கு வெகுநாளாகத் தெரியும். தெரிந்ததை வாயால் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

“மூணாவது” என்றாள். “இவ எண்ணற மாதிரியே எல்லாரும் எண்ணுவோம். செல்லும்கிறது ஒண்ணே ஒண்ணுதான். எழுதுங்க சார்.”

நாத்தனாருக்குச் சண்டைக்குத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. “அண்ணி, நெஜமாவா?”

“நான் மனசு மாறறதுக்குள்ள கையெழுத்தைப் போடு.”

“போன தடவை ரெண்டாவதுன்னுதானே மேடம் சொன்னீங்க?” என்று பண்ணைக்காரர் விடாமல் கேட்டார்.

“குளவி அதேதான். வளையமும் அதேதான். எதையும் கொளுத்தாதீங்க. நாங்கதான் சரியில்ல, போங்க!”

அறைக்குத் திரும்பினாள். தரையிலிருந்து கூரைவரை அவள் ஆயுளெல்லாம் ஊசி குத்திச் சேர்த்த பெட்டிகள்; ஒவ்வொரு குளவிக்கும் கீழே அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு; ஒவ்வொரு சீட்டிலும் இனித் தப்பாகிப்போன ஒரு வளைய எண்.

“பாதிப் பெட்டியை நான் மாத்தறேன் அண்ணி” என்று வாசலில் வந்து நின்றாள் நாத்தனார்.

“நீ ஒண்ணையும் தொடவேண்டாம். உன் கை பட்டா இறக்கை உதிரும்.”

கதவைச் சாத்திவிட்டு முதல் பெட்டியைத் திறந்தாள். பூதக்கண்ணாடிக்குக் கீழே குளவியை வைத்து எண்ணினாள். வாய் பழக்கதோஷத்தில் இடுப்பிலிருந்தே “ஒண்ணு” என்றது. “சனியனே!” என்று தன் வாயையே வைதுகொண்டு, நெஞ்சோடு ஒட்டிக்கிடந்த அந்த வளையத்திலிருந்து மறுபடி தொடங்கினாள்.