தமிழ்ச்செல்வி சொல்லாமல் வைத்திருந்த பதில்

இன்று காலை அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற பஸ்ஸில், முன் சீட்டு அம்மா போனில் பேசிக்கொண்டே வந்தார். மகளின் பள்ளிக்கூடத்தில் இனி தத்துவமும் சொல்லித்தரப் போகிறார்களாம்.

"அதுக்கு எத்தன மார்க்குன்னு கேட்டீங்களா?" என்றார்.

எனக்கு எண்பதுகளில் குன்னத்தில் படித்த எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் நீதிபோதனை.

ஒருநாள் சார், பருத்திக்காட்டில் கிடைத்த கல்லாகிப்போன சிப்பி ஒன்றைக் காட்டினார். மனிதர்களே பிறக்காத காலத்தில் இங்கே கடல் இருந்தது என்றார்.

என் பக்கத்திலிருந்த தமிழ்ச்செல்வி எழுந்தாள். "பாக்க ஆளே இல்லன்னா அது கடலுன்னு யாருக்கு சார் தெரியும்? யாருக்குமே தெரியாம ஒன்னு இருக்க முடியுமா?"

சார் சிரிக்கவில்லை. "எனக்கும் தெரியலம்மா. எல்லாரும் யோசிச்சிட்டு வாங்க, அடுத்த வாரம் பேசுவோம்."

அடுத்த வாரம் அந்தப் பீரியடுக்குக் கணக்கு வாத்தியார் வந்தார். முழுப் பரீட்சை வரைக்கும் அவர்தான் வந்தார்.

தமிழ்ச்செல்வி ஒரு பதில் யோசித்து வைத்திருந்தாள். எவ்வளவு கெஞ்சியும் என்னிடம் சொல்லவில்லை. "கிளாஸ்ல எல்லார் முன்னாடியும்தான்டி சொல்லுவேன்" என்றாள்.

அந்த லீவோடு அவள் படிப்பை நிறுத்திவிட்டார்கள்.

இன்று பஸ் ஜன்னலில் பருத்திக்காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அந்தப் பதிலை ஒருமுறை கேட்டுவிட்டால் போதும் என்றிருந்தது.

தமிழ்ச்செல்வி, இது உன் கண்ணில் பட்டால் கமெண்டில் வந்து சொல்லிவிட்டுப் போடி. கணக்கு வாத்தியார் ரிட்டயராகி ரொம்ப நாளாகிறது.