அறுபத்து மூன்று வேகத்தடைகள்

14.2.2022 — முதுகு அறுவைச் சிகிச்சை, ரூ. 2,38,000
31.5.2022 — பணி ஓய்வு
17.11.2023 — ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி, ரூ. 6,500
8.2.2024 — ஓட்டுநர் உரிமம், இரண்டாம் முயற்சியில்
3.4.2024 — கறுப்புக் கார், கேட்ட விலை ரூ. 4,90,000
11.4.2024 — வெள்ளி நிறக் கார், கேட்ட விலை ரூ. 4,60,000
20.4.2024 — வெள்ளைக் கார், கேட்ட விலை ரூ. 3,95,000
23.4.2024 — பதிவுத் தபால் மூன்று, ரூ. 75

கொண்டப்பநாயக்கன்பட்டி ஆண்டி முப்பத்தெட்டு ஆண்டுகள் தபால்காரராக இருந்தவர். மலைப்பாதை தொடங்கும் இடத்திலிருந்து கடைசித் தோட்டத்து வீடு வரைக்கும் நாளொன்றுக்குப் பத்தொன்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தவர். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் போட்ட மாலையைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு அதே சைக்கிளில்தான் வீட்டுக்கு வந்தார். அப்பேர்ப்பட்ட மனிதர் அறுபத்திரண்டாம் வயதில், பணக்காரர்கள் ஏறி இறங்கிய பெரிய கார் ஒன்றைத் தேடி அலைகிறார் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சின்னதாக, புதிதாக ஒன்று வாங்க வேண்டியதுதானே என்றார்கள். ஆண்டி யாருக்கும் பதில் சொல்லவில்லை. பதில் அவர் வீட்டுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தது.

அவர் மனைவி பொன்னாயி இருபத்தாறு ஆண்டுகள் கொலுசுப் பட்டறையில் குனிந்து உட்கார்ந்து வெள்ளி வளையம் பற்றவைத்தவர். அந்தக் குனிவு கடைசியில் முதுகுத்தண்டில் போய் நின்றது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நடக்க முடிந்தது, படுக்க முடிந்தது. வண்டியில் உட்காரத்தான் முடியவில்லை. ஆட்டோ, வாடகைக் கார், பக்கத்து வீட்டு வேன் எல்லாம் பார்த்தாயிற்று. ஒவ்வொரு வேகத்தடையிலும் இடுப்பில் ஆணி இறங்கும். பொன்னாயி கத்த மாட்டார். உதட்டை இறுக்கிக்கொண்டு ‘ம்’ என்பார், அவ்வளவுதான். அந்த ‘ம்’ ஒவ்வொன்றும் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆண்டிக்குக் கேட்கும்.

2023 அக்டோபர் 12, வியாழக்கிழமை. ஆஸ்பத்திரி வாசலில் வாடகைக் கார் வராமல் இருவரும் வெயிலில் நின்றபோது, ஆண்டி பல காலம் தபால் கொடுத்த காப்பித் தோட்டக்காரர் ஒருவர் தம்முடைய பழைய பெரிய காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டார். வழியில் பதினொரு வேகத்தடைகள். பின்னாலிருந்து ஒரு ‘ம்’ கூட வரவில்லை. ஆண்டி பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தார். பொன்னாயி தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுமாதமே ஆண்டி ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தார். கூடப் படித்தவர்களெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள். முதல் தேர்வில் மேட்டில் வண்டி பின்னால் உருண்டு தோற்றார். இரண்டாவதில் தேறினார்.

அதற்குள் அவசரம் வேறொரு பக்கத்திலிருந்து வந்துவிட்டது. மல்லசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் கோகிலவாணி ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு உண்டாகியிருந்தாள். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை, வளைகாப்பு. அறுவைச் சிகிச்சைக்குப் பின் பொன்னாயி ஒரு முறைகூட மகள் வீட்டுக்குப் போனதில்லை.

“யாரு கையிலயாச்சும் வளையலக் குடுத்து உடலாமா?” என்று ஆண்டி தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

“ஏனுங்க, பெத்தது நானா, வேற யாராச்சுமா?” என்றார் பொன்னாயி. “ஆம்புலன்சுல படுக்க வெச்சுக் கூட்டிட்டுப் போனாலும் செரி, நாந்தான் போடுவேன்.”

ஆண்டி பேருந்தில் போய் வழியை எண்ணிக்கொண்டு வந்தார். வாசலிலிருந்து வாசலுக்கு நாற்பத்தொரு கிலோமீட்டர், அறுபத்து மூன்று வேகத்தடைகள்.

கையிருப்பில் ஐந்து லட்சத்துக்குள்தான் முடிக்க வேண்டும். ஓமலூர் சாலையில் பழைய கார் விற்கும் புரோக்கர் தண்டாயுதபாணியிடம் அந்த விலைக்கு மூன்று பெரிய கார்கள் இருந்தன. மூன்றும் கியர் மாற்ற வேண்டாத வண்டிகள். கறுப்பும் வெள்ளி நிறமும் ஜெர்மன் கார்கள். வெள்ளைக் கார் ஜப்பான் நாட்டு வண்டி, பதினான்கு வயது, ஒரு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியது. முன்பக்கம் கீறல், துணி மெத்தை.

“அண்ணா, அதப் பாக்காதீங்க. அது சும்மா நிக்குது,” என்றார் தண்டாயுதபாணி. “கறுப்பு பாருங்க. ஸ்பிரிங்கே கெடையாது. நாலு சக்கரத்துக்கும் காத்துப் பை. மெத்தையில படுத்த மாதிரி இருக்கும்.”

ஆண்டி மூன்றிலும் பொன்னாயியை உட்கார வைத்து, ஒரே சாலையில், ஒரே வேகத்தில், பதினான்கு வேகத்தடைகள் மேல் தண்டாயுதபாணியை ஓட்டச் சொன்னார். தாம் முன்னிருக்கையில் பென்சிலோடு உட்கார்ந்துகொண்டார். வெள்ளி நிறக் காரில் ஒன்பது ‘ம்’. வெள்ளைக் காரில் இரண்டு. கறுப்புக் காரில் ஒன்றுமில்லை.

“இதேதானுங்க,” என்று கறுப்புக் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போதே பொன்னாயி சொன்னார். ஐம்பத்தெட்டு வயதில் அவர் முகத்தில் அப்படி ஓர் ஆசையை ஆண்டி பார்த்து வெகு நாளாயிற்று. முன்பணம் கொடுக்கக் கை சட்டைப் பைக்குப் போனது. போன கையை வெளியே எடுத்து, ஆண்டி ஆர்.சி. புத்தகங்களைக் கேட்டார். மூன்றிலிருந்தும் பழைய உரிமையாளர்களின் பெயர், விலாசம் எழுதிக்கொண்டார்.

“எதுக்குங்ணா?”

“லெட்டர் போடத்தான். ஏன் வித்தாங்கன்னு கேக்கோணும்.”

தண்டாயுதபாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “கார் வாங்க வந்தீங்களா, பொண்ணுக்கு மாப்பிள்ள விசாரிக்க வந்தீங்களா? போன் எதுக்குங்ணா இருக்குது?”

“போன்ல கேட்டா ஒடனே எதையாச்சும் சொல்லோணும் தம்பி. எழுத உக்காந்தா மனுசன் கொஞ்சம் யோசிப்பான்.”

மூன்று கடிதங்களும் ஒரே வாசகம்தான். இன்ன எண்ணுள்ள தங்கள் வண்டியை வாங்க நினைக்கிறேன், மனைவிக்கு முதுகு சரியில்லை, தாங்கள் ஏன் விற்றீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும். பதிலுக்குத் தம் விலாசம் எழுதித் தபால் வில்லை ஒட்டிய உறையையும் உள்ளே வைத்தார்.

ஏப்ரல் 29 அன்று ஈரோட்டிலிருந்து ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. வெள்ளைக் காரின் உரிமையாளர் வசந்தாமணி என்பவர் வீட்டில் யாரோ கையெழுத்துப் போட்டு வாங்கியிருந்தார்கள். மே 2 அன்று வெள்ளி நிறக் காருக்குப் பதில் வந்தது. எழுதியவர் நாமக்கல்லில் முட்டை வியாபாரம் செய்யும் வேலுமணி. “வண்டி நல்ல வண்டி. ஆனால் டயர் கட்டை மாதிரி. ரோட்டில் கிடக்கும் கல்லை உட்கார்ந்த இடத்திலேயே எண்ணலாம். முதுகுக்கு ஆகாது,” என்று எழுதியிருந்தார். மே 4 அன்று சென்னைக்குப் போன கடிதம் ‘விலாசதாரர் வீடு மாறிவிட்டார்’ என்ற குறிப்போடு அப்படியே திரும்பி வந்தது. அதுதான் கறுப்புக் காருடையது.

ஆண்டிக்குக் கறுப்புக் காரில் ஒரு சின்ன விஷயம் உறுத்திக்கொண்டிருந்தது. மூன்று முறை போனபோதும், அவர் உள்ளே நுழைவதற்கு முன்பே அதன் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டையும் அவர் கண் முன்னால்தான் கிளப்பினார்கள். முப்பத்தெட்டு ஆண்டுகள் வீடு வீடாகப் போனவருக்கு ஒன்று தெரியும்: எதிர்பார்க்காத நேரத்தில் போனால்தான் ஒரு வீடு எப்படி இருக்கிறது என்று தெரியும். மே 9, காலை ஐந்தே முக்காலுக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தார்.

கறுப்புக் கார் பின்பக்கம் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. சக்கரத்தின் மேல்பாதி உடம்புக்குள் புதைந்திருந்தது. தண்ணீருக்குள் எருமை உட்கார்ந்த மாதிரி.

பின்கட்டில் குடியிருந்த தண்டாயுதபாணி பல் தேய்த்துக்கொண்டே வந்தவர், வேலியோரம் ஆண்டியைப் பார்த்ததும் பிரஷை வாயிலிருந்து எடுத்தார்.

“அது... ராத்திரி தூங்குமுங்ணா. கிளப்புனா எந்திரிச்சுரும்.”

“எத்தன நேரம் ஆகும் தம்பி, எந்திரிக்க?”

“அஞ்சு நிமிசம்.”

“எந்திரிக்காம உட்டுட்டா?”

தண்டாயுதபாணி வாயைக் கொப்பளித்துத் துப்பினார். பிறகு நல்ல மனிதராகவே பேசினார். “பை ஓட்டைங்ணா. மாத்தோணும்னா ஒரு பக்கத்துக்கே ஒரு லட்சம் கிட்ட ஆவும். எனக்கே போன மாசந்தான் தெரியும். உங்ககிட்ட மறைச்சிருக்கக் கூடாது.”

ஆண்டி வீடு திரும்பிச் சொன்னபோது பொன்னாயி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் தாமாகவே, “வெள்ள வண்டியில ரெண்டு தானுங்களே. பல்லக் கடிச்சுக்கறேன்,” என்றார்.

கணக்கின்படி அதுதான் சரி. ஆனால் ஈரோட்டிலிருந்து பதில் வரவில்லை. கடிதம் போய்ச் சேராவிட்டால் ஒன்றுமில்லை. போய்ச் சேர்ந்து, கையெழுத்துப் போட்டு வாங்கி, பதில் எழுதாமல் இருக்கிறார்கள் என்றால் சொல்லக்கூடாத ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஆண்டிக்கு அப்படித்தான் பட்டது. மே 13, 15, 17 என்று தள்ளிப் போட்டார். பழைய அலுவலகத்துக்கே போய்த் தபால் கட்டைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

மே 20 அன்று பொன்னாயி கட்டிலில் கையூன்றி எழுந்து உட்கார்ந்தார்.

“அந்த ஈரோட்டம்மா எழுதுனாத்தான் எம்பொண்ண நான் பாக்கோணுமா?”

“அதில்ல பொன்னாயி...”

“வண்டியில உக்காந்தது அவுங்களா, நானா? எம்முதுகு சொல்றத விடவா அவுங்க கடுதாசி சொல்லிரும்?”

தம் வாழ்நாள் முழுவதும் கடிதத்தை நம்பிப் பிழைத்த மனிதர், கடிதம் வராமலே ஒரு முடிவெடுத்தார். அது சின்ன காரியமில்லை. மே 22, புதன்கிழமை, மூன்று லட்சத்து எழுபதாயிரத்துக்கு வெள்ளைக் கார் வீட்டு வாசலுக்கு வந்தது. சிரித்தவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். “இத்தன நாள் தேடி, கீறல் உளுந்த வண்டியா?” என்றார்கள். ஆண்டி தினமும் அதிகாலையில் அதை எடுத்துக்கொண்டு போய், காலிச் சாலையில் வேகத்தடை ஏறி இறங்கிப் பழகினார். முன்சக்கரம் ஏறும்போது எவ்வளவு மெதுவாக, பின்சக்கரம் இறங்கும்போது பிரேக்கில் எவ்வளவு கால் என்று பதினெட்டு நாள் பழகினார்.

ஜூன் 9. காலை ஆறே காலுக்குக் கிளம்பினார்கள். பின்னால் வந்த பஸ்களெல்லாம் ஹாரன் அடித்து ஓய்ந்து கடந்து போயின. ஒரு லாரிக்காரர் எட்டிப் பார்த்து, “பெருசு, காரத் தள்ளிக்கிட்டா போறீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஆண்டி சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவர் காது மட்டும் பின்னிருக்கையில் இருந்தது. நாற்பத்தொரு கிலோமீட்டருக்கு இரண்டு மணி பத்து நிமிடம் ஆயிற்று. அறுபத்து மூன்று வேகத்தடைகளில் நான்கு ‘ம்’.

கோகிலவாணி வாசலிலேயே நின்றாள். அம்மா தானாகக் கதவைத் திறந்து, தானாகக் காலை ஊன்றி இறங்கியதைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். “அழுவாத சாமி, நல்ல நாளும் அதுவுமா,” என்று பொன்னாயி அதட்டினார். அன்று மகள் கையில் முதல் வளையலைப் போட்டவர் அவர்தான். ஆண்டி கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். ஸ்டீரிங்கைப் பிடித்த இரண்டு கையும் சாயந்தரம் வரை வலித்தன.

ஆகஸ்டு 21 அன்று கோகிலவாணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு மூன்று நாள் முன்பே பொன்னாயி மல்லசமுத்திரம் போய்விட்டார். ஆண்டி வாரத்துக்கு இரண்டு முறை காரில் போய் வந்துகொண்டிருந்தார். அப்படி வீட்டில் தனியாக இருந்த ஒரு நாளில்தான், அவர் கையாலேயே விலாசம் எழுதிய உறை ஒன்று ஈரோட்டு முத்திரையோடு வந்தது. நின்றபடியே படித்துவிட்டுப் பொன்னாயிக்குப் போன் போட்டார்.

“அந்த ஈரோட்டம்மா எழுதியிருக்காங்க. மகனூட்டுக்குப் பெங்களூர் போயிட்டாங்களாம். மாடியில குடியிருக்கறவுங்க கையெழுத்துப் போட்டு வாங்கி மேசையில வெச்சுட்டாங்களாம். இப்ப திரும்பி வந்துதான் பாத்தாங்களாம்.”

“என்னன்னு எழுதியிருக்காங்க?”

“பதினோரு வருசத்துல ஒரு நாளும் வழியில நின்னதில்லயாம். ஏசி மட்டும் கோடையில குளுராதாம்.”

“அது நமக்கு ஜூன் மாசமே தெரிஞ்சுதே.”

“மூணு லட்சத்துக்கு மேல குடுக்க வேண்டாமாம்.”

அந்தப் பக்கம் பொன்னாயி சிரிப்பை அடக்குவது கேட்டது. “எழுவதாயிரம் சாஸ்தியா? செரி உடுங்க, மெதுவாப் பேசுங்க, கொழந்த முழிச்சுக்கும்.”

“உனக்கு இப்ப எப்புடி இருக்குதுன்னு கேட்டிருக்காங்க.”

“அப்பப் பதில் போடுங்க, பாவம்.”

“என்னன்னு எழுதட்டும்?”

“மல்லசமுத்திரத்துல இருக்கறாளுன்னு எழுதுங்க. போதும்.”

ஆண்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசைக்கு முன் உட்கார்ந்தார். எந்தப் பதிலுக்கும் அவர் எழுதும் முதல் வரி ஒன்றுதான். அதையே எழுதினார்: அம்மா, தங்கள் கடிதம் 19.9.2024, வியாழக்கிழமை வந்து சேர்ந்தது.